1975 பொம்மைக் கண்காட்சியில் ஹோம் பாங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் நடந்த பொம்மை வணிகக் கண்காட்சியில், அடாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனம் 'ஹோம் பாங்' என்ற டிவி விளையாட்டைக் கடை போட்டுக் காட்டியது. வந்தவர்கள் ஆடிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். ஆர்டர் எதுவும் விழவில்லை. அதே பெட்டிதான் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு சியர்ஸ் கடைகளில் விற்பனைக்கு வந்தது. சியர்ஸ் கேட்ட எண்ணிக்கை 1,50,000. இது பற்றியும், இதற்கு முன்னும் பின்னும் நடந்த டெமோக்கள் பற்றியும், அந்தப் பழைய கருவிகளை இன்று ஓட்டிக் காட்டுவது பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பொம்மைக் கண்காட்சி என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் பொருட்காட்சி மாதிரியா?

இல்லை. அது வியாபாரிகளுக்கான சந்தை. ஒரு பக்கம் பொம்மை செய்பவர்கள், மறுபக்கம் கடைகளுக்காகச் சரக்கு எடுக்கும் கொள்முதல் ஆட்கள். நியூயார்க்கில் 1903 முதல் நடந்துவரும் இந்தச் சந்தையின் மையம் பல பத்தாண்டுகள் ஐந்தாவது அவென்யூவில் 200ஆம் எண் கட்டடமும் அதைச் சுற்றிய பகுதியும்தான். நிறைய கம்பெனிகளுக்கு அங்கேயே நிரந்தர ஷோரூம் இருந்தது.

கால அட்டவணையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் மாதிரியைப் பார்த்து ஆர்டர், கோடையில் உற்பத்தி, இலையுதிர் காலத்தில் கடைக்கு லோடு, டிசம்பரில் விற்பனை. ஆகவே அங்கே மேசைமேல் இருப்பது பெரும்பாலும் இன்னும் தயாரிக்கப்படாத பொருள். காட்டுபவருக்கும் பார்ப்பவருக்கும் இது தெரியும். "ஆட்டம் நன்றாக இருக்கிறதா" என்பதைவிட "சொன்ன விலைக்கு, சொன்ன தேதியில், சொன்ன எண்ணிக்கை வந்து சேருமா" என்பதே கொள்முதல்காரரின் கவலை. இதை விட்டுவிட்டால் 1975இல் நடந்தது புரியாது. நல்ல விளையாட்டை முட்டாள்கள் ஒதுக்கினார்கள் என்ற வழக்கமான கதைதான் மிஞ்சும்.

வீட்டு வீடியோ கேமை முதன்முதலில் காட்டியது அடாரிதானா?

இல்லவே இல்லை. சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் என்ற ராணுவ மின்னணு நிறுவனத்தில், நியூ ஹாம்ஷையர் மாநிலத்தின் நாஷுவாவில், ரால்ஃப் பேர், பில் ஹாரிசன், பில் ரஷ் ஆகிய மூவரும் 1960களின் பிற்பகுதியிலேயே 'பிரவுன் பாக்ஸ்' என்ற மாதிரியைச் செய்துவிட்டார்கள். பழுப்பு மர வரி அச்சிட்ட தாள் ஒட்டிய பெட்டி. அதனால்தான் அந்தப் பெயர். அதை அவர்கள் பொம்மைக்காரர்களிடம் அல்ல, டிவி தயாரிப்பாளர்களிடம் காட்டினார்கள். பலர் வந்து பார்த்தார்கள். கடைசியில் உரிமம் வாங்கியது மேக்னவாக்ஸ்.

அதுதான் 1972இல் 'ஒடிசி' ஆனது. சிப் கிடையாது, 40 டிரான்சிஸ்டர், 40 டையோடு. திரையில் மூன்று வெள்ளைச் சதுரமும் ஒரு கோடும்தான் வரும். மதிப்பெண் காட்டாது, சத்தமும் வராது. மைதானம், வீடு, மலை எல்லாம் திரையில் ஒட்டிக்கொள்ளும் வண்ணப் பிளாஸ்டிக் தாளில் அச்சாகியிருக்கும். டிவி அளவுக்கு ஏற்ப அந்தத் தாளும் இரண்டு அளவில் வந்தது.

மேக்னவாக்ஸ் 1972 மே மாதம் ஊர் ஊராக விற்பனையாளர் காட்சி நடத்தியது. கலிஃபோர்னியாவின் பர்லிங்கேமில் ஒரு ஹோட்டலில் நடந்த காட்சிக்கு மே 24 அன்று நோலன் புஷ்னெல் வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, ஒடிசியின் டென்னிஸை ஆடிப் பார்த்தார். அடுத்த மாதம் அவர் அடாரியைத் தொடங்கினார். பொறியாளர் ஆலன் அல்கார்னிடம் அவர் கொடுத்த முதல் வேலை 'பாங்': இரண்டு மட்டை, ஒரு பந்து, காசு போட்டு ஆடும் மெஷின். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு வந்தது, கீழே பார்க்கலாம்.

ஹோம் பாங் யார் செய்தது? காட்டிய மாதிரிக்குள் என்ன இருந்தது?

வீட்டுக்கு ஒரு பாங் செய்யலாம் என்று 1974இல் சொன்னவர் அடாரி பொறியாளர் ஹெரால்ட் லீ. திட்டத்தின் ரகசியப் பெயர் 'டார்லீன்'. பகலில் லீ லாஜிக்கை வரைவார். மாலையில் அல்கார்ன் உட்கார்ந்து பிழை பார்ப்பார். கட்டமைப்பில் பாப் பிரவுன் சேர்ந்துகொண்டார்.

காசு போட்டு ஆடும் பாங்கில் டஜன் கணக்கான சாதாரண டிடிஎல் வகைச் சிப்கள் ஒரு பெரிய போர்டில் இருந்தன. அதைக் காசு போடும் மெஷினுக்குள் வைத்தால் பணம் தேறும். வீட்டில் விற்க முடியாது. விலை கட்டுப்படியாகாது, சூடாகும், மின்சாரமும் தின்னும். எல்லாவற்றையும் ஒரே சிப்புக்குள் அடக்கினால்தான் பேச்சே.

ஆனால் சிப் செய்யக் கொடுப்பதற்கு முன் லாஜிக் சரியா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் அதற்குக் கணினிச் சோதனை எளிதாகக் கிடைக்காது. எனவே சிப்புக்குள் இருக்கப்போகும் ஒவ்வொரு கேட்டையும் (ஆம், இல்லை என்று முடிவெடுக்கும் சிறு மின்சுற்று) வெளியே தனித்தனிக் கூறாக வைத்து, வயரால் இணைத்துப் பார்ப்பார்கள். ஹோம் பாங்கின் முதல் மாதிரி அப்படித்தான் இருந்தது: மேலே அழகான ஆட்டப் பெட்டி, கீழே மரப் பீடம், பீடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வயர்கள். ஆடுபவர் கண்ணுக்குத் தெரிவது பெட்டி. ஆட்டம் நடப்பது பீடத்தில்.

இந்த வகை மாதிரி ஏன் அடிக்கடி மக்கர் செய்யும் என்றும் பலர் கேட்கிறார்கள். வயரை முள்ளில் சுற்றி இணைக்கும் முறையில் சால்டரிங் கிடையாது. காரில் ஏற்றி, விமானத்தில் இறக்கி, ஹோட்டல் அறையில் தூக்கி வைத்தால் ஏதாவது ஒரு சுற்று தளரும். நீளமான வயர்கள் பக்கத்து வயரின் துடிப்பையும் பிடித்துக்கொள்ளும். பந்து திடீரென்று மறையும், மதிப்பெண் தானாக ஏறும். அதனால் டெமோவுக்குப் போகிறவர் விற்பனையாளர் மட்டும் போதாது, வயர் தெரிந்த பொறியாளரும் கூடப் போக வேண்டும். அடாரியும் அல்கார்னை அனுப்பியது.

ஒடிசியைவிட இதில் என்ன கூடுதல்?

திரையிலேயே மதிப்பெண். அடித்தால் சத்தம். வண்ணம். மட்டையின் எந்த இடத்தில் பந்து படுகிறதோ அதற்கேற்ப மாறும் கோணம். கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. நடுவில் பட்டால் நேராகப் போகும், ஓரத்தில் பட்டால் சாய்ந்து பறக்கும். விளக்கப் புத்தகம் தேவையில்லை. ஒடிசியில் பந்தைத் தனிக் குமிழால் வளைக்க வேண்டும். அதை ஒருவர் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். டெமோ மேசையில் அந்த ஒரு நிமிடம் பெரிய விஷயம்.

அப்படியானால் ஏன் யாரும் வாங்கவில்லை?

விலைதான் முதல் காரணம். கடையில் 100 டாலரை ஒட்டி விற்க வேண்டிய பொருள் அது. பொம்மைப் பிரிவில் அன்று அந்த விலைக்குப் பழக்கமே இல்லை. பொம்மைக் கொள்முதல்காரருக்கு ஒரு விதி உண்டு: அலமாரியில் ஓர் அடி இடம் கொடுத்தால் அது எத்தனை முறை காலியாகும்? 10 டாலர் பொம்மை பத்து முறை காலியாவது அவருக்குத் தெரிந்த கணக்கு. 100 டாலர் பொம்மை ஒரு முறை காலியாகுமா என்பது சூதாட்டம்.

அதோடு ஒடிசி எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை என்ற செய்தி எல்லோர் காதிலும் இருந்தது. அதற்கு மேக்னவாக்ஸின் சொந்த விற்பனை முறையே பாதிக் காரணம்: தன் டிவி விற்பனையாளர்கள் வழியாகவே கொடுத்ததால், மேக்னவாக்ஸ் டிவி இருந்தால்தான் ஒடிசி ஓடும் என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொண்டார். அந்தத் தப்பெண்ணத்தின் சுமை பாங் தலையிலும் விழுந்தது.

மூன்றாவது, பழுது. பொம்மை உடைந்தால் கடைக்காரர் இன்னொன்றைக் கொடுத்துவிடுவார். இது டிவியோடு இணைவது. "உங்கள் பொம்மை என் டிவியைக் கெடுத்துவிட்டது" என்று ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றால் பொம்மைப் பிரிவில் யார் பதில் சொல்வது?

எங்கள் கருத்தில், அவர்கள் மறுத்தது நியாயமான முடிவுதான். தவறு இடத்தில் இருந்தது. 100 டாலர் பொருளை 10 டாலர் சந்தையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

சியர்ஸ் எப்படி உள்ளே வந்தது?

சியர்ஸின் விளையாட்டுப் பொருள் பிரிவில் கொள்முதல் பார்த்த டாம் குவின் அதற்கு முன்பே ஆர்வம் காட்டியிருந்தார். பொம்மைப் பிரிவு அல்ல என்பதைக் கவனிக்கவும். பூல் மேசை, டேபிள் டென்னிஸ் மேசை விற்கும் பிரிவு அது. அங்கே 100 டாலர் மலிவு. வீட்டுக்குள் பெரியவர்களும் சேர்ந்து ஆடும் பொருளுக்கு அந்த வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் பழகியவர்.

அடாரி முதலில் பிடி கொடுக்கவில்லை. வேறு நல்ல வாய்ப்பு வரும் என்று காத்திருந்தது. கண்காட்சியில் வெறுங்கை. அங்கேயே குவினை மறுபடி சந்தித்தார்கள், சில நாட்களில் பேச்சு தொடங்கியது. மேலதிகாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் சிகாகோவுக்கு வந்து காட்டச் சொன்னார் குவின். அல்கார்னும் விற்பனைப் பொறுப்பில் இருந்த ஜீன் லிப்கினும் சியர்ஸ் டவருக்குப் போனார்கள்.

சியர்ஸ் டவர் டெமோவில் படம் வராமல் போனது உண்மையா?

உண்மை. ஆட்டம் எந்த சேனலில் டிவிக்குள் போகுமோ, அதே சேனலில் அந்தக் கட்டடத்தின் உச்சியிலிருந்த ஆன்டெனாவும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அல்கார்ன் அங்கேயே கைவைத்துச் சரிசெய்த பிறகுதான் ஆட்டம் திரைக்கு வந்தது, ஒப்புதலும் வந்தது.

காரணம் எளிது. அந்தக் காலத்து டிவியில் வீடியோ உள்ளீடு கிடையாது; ஆன்டெனா திருகுகள் மட்டுமே. எனவே கேம் பெட்டி தானே ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமாக வேண்டும். அமெரிக்காவில் இதற்கு சேனல் 3 அல்லது 4. சேனல் 3இன் பட அலை 61.25 மெகாஹெர்ட்ஸ், சேனல் 4இன் பட அலை 67.25. இரண்டும் அடுத்தடுத்தவை என்பதால் ஒரே ஊரில் இரண்டையும் நிலையங்களுக்குக் கொடுக்கமாட்டார்கள்; ஒன்று காலியாக இருந்தது. நியூயார்க்கில் அன்று சேனல் 4இல் நிலையம் இருந்தது, 3 காலி. அங்கே 3இல் வைத்தால் நிம்மதி. வேறு ஊருக்குக் கொண்டுபோகும்போது யாராவது மாற்ற மறந்தால் வினை.

சட்டப்படி கேமின் அலை மிக மெலிதாகத்தான் இருக்க வேண்டும். தலைக்கு மேலே பல கிலோவாட் நிலையம் இருந்தால், ஆன்டெனா வயரைக் கழற்றினாலும் அது பட்டை வயர் வழியாகவும் டிவியின் உறை வழியாகவும் ட்யூனருக்குள் ஏறிவிடும். திரையில் மீன்முள் கோடுகள், பேய்ப் படம், சில நேரம் கேமே காணாமல் போய் நிலையத்தின் செய்தி வாசிப்பாளர் தெரிவார்.

அத்தகைய இடத்தில் செய்ய வேண்டியது:

முதலில் கேம் பெட்டியை அணைத்துவிட்டு, டிவியை மட்டும் போட்டு 3, 4 இரண்டையும் பாருங்கள். எது அமைதியான 'பனி'யோ அதுவே உங்கள் சேனல். ஆன்டெனாவைச் சுவிட்ச் பெட்டியிலிருந்து முழுவதும் கழற்றுங்கள். டெமோவுக்கு அது தேவையில்லை. 300 ஓம் பட்டை வயரை எவ்வளவு குட்டையாக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக்குங்கள், முடிந்தால் 75 ஓம் கோஆக்ஸியல் கேபிளும் ட்யூனர் பக்கம் ஒரு பலூன் மின்மாற்றியும் (75 ஓமை 300 ஓமுக்கு மாற்றும் சிறு இணைப்பான்) போடுங்கள். பெட்டிக்குள் சேனலைச் சுருளின் ஃபெரைட் (ஒரு காந்தப் பொருள்) திருகால் மாற்ற வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் திருப்புளிதான். இரும்புத் திருப்புளி சுருளுக்குள் போனதும் அலைவரிசை நகரும். வெளியே எடுத்ததும் திரும்ப நகரும். அரை மணி நேரம் போனாலும் சரியாகாது.

ஒரே அரங்கில் நான்கு மேசை, நான்கு கேம், எல்லாம் சேனல் 3. பிரச்சினை வருமா?

வரும். ஒரு மேசையின் பந்து அடுத்த மேசை டிவியில் மங்கலாகத் தெரியும். மேசைகளை மாற்றி மாற்றி 3, 4, 3, 4 என்று வையுங்கள். வயர்களைத் தரையில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டாதீர்கள். மின்வயரோடு சேர்த்து ஓட்டவும் கூடாது.

1,50,000 என்ற எண் எப்படி வந்தது?

கிறிஸ்துமஸுக்குள் 75,000 தர முடியும் என்றார் புஷ்னெல். குவின் அதை இரட்டிப்பாகக் கேட்டார். அவ்வளவு செய்யும் திறன் அடாரியிடம் இல்லை என்பது புஷ்னெலுக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றார். துணிகர முதலீட்டாளர் டான் வாலண்டைன் வழியாகப் பணம் திரட்டி, புதிய தொழிற்சாலை எடுத்துத்தான் ஆர்டரை முடித்தார்கள். 1975இல் வந்த பெட்டிகளில் சியர்ஸின் 'டெலி-கேம்ஸ்' முத்திரை இருக்கும். அடாரி பெயரிலேயே வந்தது 1976இல். பழைய பொருள் விற்பவர்கள் "முதல் அடாரி பாங்" என்று அடாரி முத்திரையுள்ளதற்கு விலை ஏற்றுவது இதனால் தலைகீழ்.

பர்லிங்கேம் கையெழுத்து வழக்கு என்ன ஆனது?

மேக்னவாக்ஸும் சாண்டர்ஸும் 1974இல் வழக்குப் போட்டன. ஒடிசியை புஷ்னெல் முன்பே பார்த்தாரா என்ற கேள்விக்கு வருகைப் பதிவேடு நேரடிச் சாட்சி. 1976 ஜூனில் அடாரி சமரசம் செய்துகொண்டு உரிமம் பெற்றது. வணிகக் காட்சியில் கையெழுத்துப் போடுவது வெறும் மரியாதை அல்ல.

கோலிகோ நிறுவனத்தின் 'டெல்ஸ்டார்' கேம் கடைக்கு வராமலே கிட்டத்தட்ட நின்றுபோனதாகச் சொல்கிறார்களே?

1976இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் 'ஏஒய்-3-8500' என்ற சிப்பை யாருக்கும் விற்க ஆரம்பித்தது. 28 கால், டென்னிஸ், கால்பந்து, ஸ்குவாஷ், பயிற்சி, துப்பாக்கி ஆட்டம் இரண்டு என மொத்தம் ஆறு ஆட்டம். சொந்தமாகச் சிப் வடிவமைக்க வேண்டிய அவசியமே போயிற்று. கேட்டவர்கள் அதிகம், கிடைத்த சிப் குறைவு. முதலில் ஆர்டர் கொடுத்த கோலிகோவுக்குத்தான் கேட்டது முழுக்கக் கிடைத்தது. அதை வைத்து டெல்ஸ்டாரைச் சுமார் 50 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். பொம்மைக் கடைக்காரர் ஏற்கும் விலையை இப்போதுதான் தொட்டது.

ஆனால் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் அலைக்கசிவுச் சோதனையில் அது தோற்றது. டிவியோடு இணையும் பொருள் இந்தச் சோதனையில் தேறாமல் கடைக்கு வர முடியாது. நாட்கள்தான் கையில் இருந்தன. கோலிகோ உதவி கேட்டது வேறு யாரையும் அல்ல, ரால்ஃப் பேரை. அவர் கேபிளில் ஃபெரைட் வளையம் போட்டுக் கசிவை அடக்கினார், கருவி தேறியது.

வளையம் ஏன் வேலை செய்கிறது? பெட்டி எவ்வளவு நன்றாக மூடியிருந்தாலும், அதிலிருந்து டிவிக்குப் போகும் கேபிளின் வெளி உறையே ஆன்டெனாவாகிவிடும். உள்ளே ஓடும் சிக்னல் போவதும் திரும்புவதுமாகச் சமன் ஆகிவிடுவதால் ஃபெரைட் அதைத் தடுப்பதில்லை. உறைமேல் ஒரே திசையில் ஓடும் உதிரி மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும். இன்று செய்பவர்களும் கேபிளை வளையத்துக்குள் இரண்டு மூன்று சுற்று விட்டு, கேம் பெட்டிக்கு மிக அருகில் வைத்தால் பலன் தெரியும். டிவி பக்கம் வைத்தால் அவ்வளவு பலன் இல்லை.

கையில் ஒரு ஹோம் பாங் இருக்கிறது. தமிழ்நாட்டு டிவியில் ஓடுமா?

பழைய குழாய் டிவியில் ஓடும், சில நிபந்தனைகளோடு.

மின்சாரத்தில் கவனம். பெட்டிக்கு நான்கு பெரிய டார்ச் செல்கள், அதாவது 6 வோல்ட் போதும். அமெரிக்க அடாப்டரை நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் மின்மாற்றி எரியும். செல்லைப் போட்டே ஓட்டுங்கள். போடுவதற்கு முன் செல் அறையைப் பாருங்கள்: பச்சை, வெள்ளைப் படிவு இருந்தால் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்பிரிங் முறிந்திருந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

ட்யூனிங். இங்கத்திய சேனல் 4இன் பட அலை 62.25 மெகாஹெர்ட்ஸ், கேமின் சேனல் 3 அதற்கு ஒரு மெகாஹெர்ட்ஸ் கீழே. வி.எச்.எஃப் முதல் பட்டையைத் தேர்ந்து, கையால் மெதுவாகத் திருப்பிப் பிடியுங்கள். தானியங்கித் தேடலை நம்பாதீர்கள். பல டிவிகள் இதைத் தாண்டி ஓடிவிடும்.

படம் மேலும் கீழும் உருண்டால் கேம் பழுதல்ல. அது வினாடிக்கு 60 முறை வரையும், நம் டிவி 50க்குப் பழகியது. பின்பக்கம் உள்ள வெர்டிகல் ஹோல்டு குமிழைத் திருப்பினால் நிற்கும். வண்ணம் வராது: அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியின் வண்ண அலை 3.58 மெகாஹெர்ட்ஸில், நம் முறையான பிஏஎல்லில் 4.43இல். கறுப்பு வெள்ளைதான். சத்தம் கேம் பெட்டிக்குள் உள்ள ஸ்பீக்கரிலிருந்தே வருவதால் அதில் சிக்கல் இல்லை. டிவியின் இரைச்சலைக் குறைத்துவிடுங்கள்.

புதிய எல்இடி டிவிகளில் அனலாக் ட்யூனர் இல்லாவிட்டால் பரணில் கிடக்கும் விசிஆர் உதவும். கேமை அதன் ஆன்டெனா வழியில் கொடுத்து, மஞ்சள் வீடியோ வெளியீட்டை டிவிக்கு எடுங்கள்.

மட்டை நடுங்குகிறது. ஏன்?

மட்டையை நகர்த்தும் குமிழுக்குக் கீழே உள்ள, வால்யூம் கண்ட்ரோல் போன்ற மாறும் மின்தடையில் தூசி. கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, முழுவதும் இருபது முப்பது முறை திருப்புங்கள். சரியாகாவிட்டால் கரித்தடம் தேய்ந்திருக்கிறது. அதே மதிப்புள்ளதை மாற்ற வேண்டும். மட்டை பாதித் திரைக்கு மேல் போகவே மறுத்தால் பெரும்பாலும் செல் இறங்கியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

பழைய பெட்டி கிடைக்கவில்லை. அதே மாதிரி ஒன்றைக் கட்டலாமா?

அடாரியின் சிப் தனியாகக் கிடைப்பது கடினம். ஏஒய்-3-8500 இன்னும் பழைய சரக்காகக் கிடைக்கிறது. நமக்கு வேண்டியது பின்னால் '-1' இல்லாத பிஏஎல் வகை. '-1' போட்டது அமெரிக்க என்டிஎஸ்சி வகை. வாங்கும்போதே பாருங்கள், பிறகு படம் உருளுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

மின்சாரம் 4ஆம் காலுக்கு, நிலம் (கிரவுண்ட்) 2ஆம் காலுக்கு. தரவுத்தாள் 6 முதல் 7 வோல்ட் சொல்கிறது. 17ஆம் காலுக்கு 2 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு. அதை 128ஆல் வகுத்தால் 15,625. பிஏஎல் டிவி வினாடிக்கு வரையும் வரிகளின் எண்ணிக்கை அதுவே. துடிப்பு விலகினால் படம் சாய்ந்து கிழியும், அதனால் சாதாரண சுருள் அலையாக்கியைவிடப் படிகம் நல்லது.

இந்தச் சிப் ஒரே வீடியோவைத் தராது. பந்து 6ஆம் காலில், வலது மட்டை 9இல், இடது மட்டை 10இல், மதிப்பெண்ணும் எல்லைக்கோடும் 24இல், ஒத்திசைவு (படத்தை நிலையாக நிறுத்தும் 'சிங்க்' துடிப்பு) 16இல் எனத் தனித்தனியாக வரும். முதல் நான்கையும் 4072 சிப்பின் நான்கு உள்ளீட்டு ஆர் கேட்டில் சேர்த்து, பிறகு மின்தடை வழியாக ஒத்திசைவோடு கலக்க வேண்டும். 75 ஓம் சுமையில் மொத்தம் 1 வோல்ட், அதில் ஒத்திசைவு 0.3 வோல்ட் வந்தால் டிவியின் வீடியோ உள்ளீட்டுக்கு நேராகக் கொடுக்கலாம்; சேனல், ட்யூனர் தொல்லையே இல்லை. வெள்ளை தெரிந்தும் படம் நிற்காமல் ஆடினால் ஒத்திசைவின் பங்கு குறைவு என்று பொருள்.

சத்தம் 3ஆம் காலில். நேராக ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுங்கள். 25ஆம் கால் புதிய ஆட்டம் தொடங்க. 15 புள்ளியில் ஆட்டம் முடிந்துவிடும்; அதன் பிறகு மட்டையில் பந்து நிற்காமல் போனால் சிப் கெட்டுவிட்டது என்று கழற்ற வேண்டாம், அந்தப் பொத்தானை அழுத்துங்கள். இது உராய்வு மின்சாரத்தில் எளிதில் கெடும் எம்ஓஎஸ் வகைச் சிப் என்பதால் சாக்கெட்டில் வையுங்கள். நைலான் சட்டையோடு எடுக்காதீர்கள்.

கண்காட்சியில் நாள் முழுக்க ஓட்டினால் டிவி கெடுமா?

நடுக்கோடும் மதிப்பெண்ணும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதால், பிரகாசம் கூடினால் குழாயின் பாஸ்பரில் தடம் பதியும். பிரகாசத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் பாதிக்குக் கீழே இறக்குங்கள். ஆள் இல்லாத நேரத்தில் கேமை அல்ல, டிவியை அணையுங்கள்.

வீடியோ கேம் பிறகு ஏன் பொம்மைக் கண்காட்சியை விட்டுப் போனது?

1976, 77 வாக்கில் இது சிப் வியாபாரமாகிவிட்டது. பெரிய அறிவிப்புகள் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சிக்கு நகர்ந்தன. அங்கே 100 டாலர், 200 டாலர் பொருளுக்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். 1995இல் ஆட்டங்களுக்கென்றே இ3 கண்காட்சி லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது.

நடுவில் ஒரு வேடிக்கை. வீடியோ கேம் சந்தை 1983இல் சரிந்த பிறகு அமெரிக்கக் கடைக்காரர்கள் 'வீடியோ கேம்' என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்தினார்கள். 1985இல் நின்டெண்டோ தன் கருவியை மின்னணுக் கண்காட்சியில்தான் காட்டியது, ஆனால் ரோபோ ஒன்றையும் ஒளித்துப்பாக்கியையும் முன்னால் நிறுத்தி, பொம்மை போல விற்றது. அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் சோதனை விற்பனை. விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்ற வாக்குறுதியோடு. பத்தாண்டுக்கு முன் அடாரி பொம்மைக்காரர்களிடம் "இது பொம்மை" என்று நம்பவைக்க முடியாமல் திரும்பிய அதே ஊர்.